பன்னிரண்டு மணிக்கு விழ வேண்டிய மரம்

எனக்குப் பதின்மூன்று வயதான வருடம், என் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒருவரும் எங்கள் குடும்பத்தில் இருக்கவில்லை. அப்பா என் சப்பாத்தின் அளவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அம்மா என் தோளுக்குப் பொருந்தும் சட்டை தேடி, நாங்கள் குடியிருந்த ஆரா நகரத்தின் கடைகளெல்லாம் ஏறி இறங்குவார். அட்லிஸ்விலில் இருந்த பெரியம்மாவின் கவலை இன்ன இடம் என்று நிற்கவில்லை. அது உச்சி முதல் உள்ளங்கால் வரை பரவியிருந்தது.

வகுப்பில் பெடியன்களையும் சேர்த்து நான்தான் உயரம். உயரம் மட்டும் என்றால் மன்னித்திருப்பார்கள். அகலமும் இருந்தது. கோயிலில் தெரிந்தவர்கள் அம்மாவிடம், "மகள் நல்லா வளந்திட்டா" என்று சொல்லும்போது அந்த 'நல்லா'வில் கொஞ்சம் அனுதாபம் கலந்திருக்கும். அம்மா உடனே என் பக்கம் திரும்பி, "கூனாமல் நில்" என்பார். நான் நிமிர்ந்து நின்றால் இன்னும் பெரிதாகத் தெரிந்ததோ என்னவோ, "காணும், காணும்" என்பார்.

பெரியம்மா அம்மாவின் மூத்த சகோதரி. எங்களில் முதலில் சுவிஸுக்கு வந்தவர். அம்மாவைக் கூப்பிட்டவர், ரயிலில் எப்படி ஏறுவது என்று பழக்கியவர், முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் வேலையை எடுத்துக் கொடுத்தவர் எல்லாம் அவர்தான். அப்பாவையும் அவர்தான் கண்டுபிடித்தார் என்று, தொலைந்துபோன குடையைப் பற்றிச் சொல்வதுபோல அப்பா சொல்வார். ஒவ்வொரு நாளும் பின்னேரம் பெரியம்மாவிடமிருந்து தொலைபேசி வரும். அம்மா அதைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொண்டு வெங்காயம் வெட்டுவார். எந்தப் புடவை, எந்த டொக்டர், எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் அங்கிருந்து வரும். இங்கிருந்து போவது "ஓம் அக்கா" மட்டும்தான். அந்த வசந்தகாலத்தில் ஒரு நாள், "அவளுக்கு இரவில சோறு குடுக்காதை, ஒரு அப்பிள் காணும்" என்று உத்தரவு வந்தது. அதற்கும் அம்மா, "ஓம் அக்கா" என்றார். அன்றிரவு எனக்கு ஒரு அப்பிள் கிடைத்தது. நான் அதைச் சாப்பிட்டுவிட்டு, சோற்றையும் போட்டுச் சாப்பிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு. நகரத்தின் ஓரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறையை வாடகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே உதைபந்தாட்டத் திடல். அதற்கு அப்பால் ஒருவரும் கவனிக்காத ஒரு புல்தரை. ரீச்சர் சொல்வதெழுதல் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாள், அந்தப் புல்தரையில் அம்மாவின் வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கட்டம் போட்ட பாவாடை அணிந்து, தடியில் பொருத்திய ஓர் இரும்புக் குண்டைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். கால்களை அசைக்கவில்லை. மேல் உடம்பு மட்டும் சுழன்றது. பிறகு குண்டு கையை விட்டுப் பறந்தது. அவர் வாயைத் திறந்து கத்தினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை, ஆனால் அப்படிக் கத்தும் ஒரு பெரிய பெண்ணை நான் அதுவரை கண்டதில்லை. அன்றைய சொல்வதெழுதலில் எனக்கு எத்தனை பிழை என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

இடைவேளையில் போனேன். வேலி ஓரத்தில் சங்கிலி கோத்த ஒரு இரும்புக் குண்டு கிடந்தது. சங்கிலியின் நுனியில் கைபிடிக்க ஒரு வளையம். யாரிடமும் கேட்காமல் அதைத் தூக்கிப் பார்த்தேன். பாரமாகத்தான் இருந்தது. ஆனால் தூக்கிய பிறகு, என் கைக்கு அதுவரை வேலையே கொடுக்கப்படவில்லை என்பதுபோல ஓர் உணர்வு வந்தது. அந்தப் பெண் நடந்து வந்தார். அவர் பெயர் ஊர்சுலா. பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்பவர் என்பது பிறகுதான் தெரியும். என்னைத் திட்டவில்லை. என் கால்களையும் தோளையும் ஒரு தடவை பார்த்துவிட்டு எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படியென்றால் இன்னும் வளர்வாய்" என்றார். "மிக நல்லது."

வளர்வாய் என்பதை ஒருவர் பயமுறுத்தலாக அல்லாமல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஸ்கொட்லாந்துக்காரர் விளையாடும் எறிதல் விளையாட்டுகள் அவை. கல்லை எறிவது, சங்கிலிக் குண்டைத் தூரத்துக்கு எறிவது, அதையே உயரத்தில் கட்டிய சட்டத்துக்கு மேலால் எறிவது, சுத்தியல் எறிவது, கடைசியாக ஒரு முழு மரத்தை எறிவது. சுவிஸ்காரர் சிலருக்கு அதில் பைத்தியம் பிடித்து ஒரு கழகம் வைத்திருந்தார்கள். புதன்கிழமை மத்தியானங்களில் பள்ளிக்கூடம் இல்லை. புதன்கிழமைகளில் வா, வீட்டிலிருந்து பெரியவர் ஒருவரையும் கூட்டி வா என்று ஊர்சுலா சொன்னார்.

வீட்டில் நான் அனுமதி கேட்கவில்லை. அறிவித்தேன். அம்மாவுக்கு நான் சொன்னதில் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதி பிடிக்கவில்லை. கடைசியில், எங்களோடு சின்ன அறையில் இருந்த தன் தம்பியை, அதாவது என் மாமாவை, அழைத்தார். மாமா பாண் சுடும் வெதுப்பகத்தில் விடியற்காலை வேலை செய்பவர். மத்தியானங்களில் சும்மா இருப்பார். மெலிந்தவர். காற்றடித்தால் தொப்பியைப் பிடிப்பதா தன்னைப் பிடிப்பதா என்று யோசிக்கக்கூடிய உடம்பு.

"நீ ஒருக்காப் போய்ப் பார். என்ன மாதிரி ஆக்கள் எண்டு பாத்துக்கொண்டு வந்து சொல்லு" என்று அம்மா அவரிடம் சொன்னார்.

மாமா போனார், பார்த்தார், மாலையில் வந்து சொன்னார்: "நல்ல ஆக்கள் அக்கா. எனக்கும் ஒரு பாவாடை தந்தவை."

வேவு பார்க்க அனுப்பப்பட்டவர் கழகத்தில் சேர்ந்துவிட்டார். அம்மா தலையில் கை வைத்தார். அந்தப் பாவாடைக்கு கில்ட் என்று பெயர். போட்டியில் அது இல்லாமல் எறிய முடியாது, ஆணானாலும் பெண்ணானாலும் அதுதான் விதி என்று மாமா விளக்கினார். சாரம் கட்டிப் பழகியவர் அதையும் சாரம்போலவே மடித்துச் செருகி, மடிப்பு மடிப்பான கொய்யகம் முழுவதும் முன்னுக்கு வரும்படி நின்றார். அடுத்த புதன்கிழமை ஊர்சுலா அவரை இடுப்பில் பிடித்துப் பாதிச் சுற்றுத் திருப்பிவிட்டார். கொய்யகம் பின்னுக்குப் போனது. மாமாவும் பின்னுக்குப் போனார்.

முதல் நாள் எங்களை ஒன்றையும் எறிய விடவில்லை. விதிகள் மட்டும்தான். எறிபவருக்குப் பின்னால் நிற்கக்கூடாது. கையிலிருந்து பொருள் புறப்பட்டு நிலத்தில் விழும்வரை ஒருவரும் திடலுக்குள் கால் வைக்கக்கூடாது. எறியும் இடத்தின் முன்புறத்தில் ஒரு மரச்சட்டம் பதித்திருக்கும். அதை உள்ளிருந்து உதைக்கலாம், ஆனால் அதன் மேல் ஏறினாலோ தாண்டினாலோ எறிந்தது கணக்கில் இல்லை. எவ்வளவு தூரம் போனாலும் இல்லை. சங்கிலிக் குண்டுக்கு ஒரு கைதான். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு.

வீட்டிலும் விதிகள் இருந்தன. கால் மேல் கால் போடாதே, சத்தமாகச் சிரிக்காதே, கையில்லாத சட்டை போடாதே. ஏன் என்று கேட்டால், "ஏனெண்டு கேக்காதை" என்று பதில் வரும். இங்கே, ஏன் குண்டைக் காலுக்கு நேரே தொங்கவிடக்கூடாது என்று கேட்டேன். ஊர்சுலா சப்பாத்தையும் காலுறையையும் கழற்றித் தன் பெருவிரலைக் காட்டினார். நகம் முழுக்கக் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு அந்த விதியை நான் ஒருபோதும் மீறவில்லை.

கல் எனக்குச் சுலபமாக வந்தது. கழுத்தோடு சேர்த்துப் பிடித்து, இடுப்பைத் திருப்பி, கையால் அல்ல காலால் தள்ள வேண்டும். சங்கிலிக் குண்டோடு சுழலும்போது தலை சுற்றி மூன்று தடவை புல்லில் விழுந்தேன். ஒவ்வொரு முறையும் ஊர்சுலா, "நோமோல்" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். நன்றாக எறிந்தாலும் நோமோல், விழுந்தாலும் நோமோல். அவரிடம் வேறு பாராட்டும் இல்லை, வேறு தண்டனையும் இல்லை.

ஆனால் நான் போனது மரத்துக்காக. பெரியவர்களுடைய மரம் வீட்டுக் கூரை அளவு உயரம். சிறுவருக்கு வைத்திருந்தது அதில் பாதி. அதுவே நிமிர்த்தி வைத்தால் என்னைப்போல் இரண்டு பேர் உயரம். ஒருவர் அதை நிமிர்த்திப் பிடிப்பார். நாம் குந்தி, தோளை மரத்தில் அண்டக்கொடுத்து, இரு கை விரல்களையும் கோத்து, அடிவரை இறக்கி, அடியைக் கைகளில் ஏந்தித் தூக்க வேண்டும். பிறகு அது ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, ஓடி, சட்டென்று நின்று, கைகளை மேலே இழுக்க வேண்டும். மரத்தின் மேல் நுனி நிலத்தில் குத்தி, அடிப்பகுதி மேலே எழுந்து, மறுபக்கம் புரண்டு விழ வேண்டும்.

"எவ்வளவு தூரம் எறிய வேண்டும்?" என்று கேட்டேன்.

"தூரம் கணக்கில்லை" என்றார் ஊர்சுலா. "நீ நிற்பது கடிகாரத்தில் ஆறு மணி. மரம் உனக்கு நேரே, பன்னிரண்டு மணியைக் காட்டிக்கொண்டு விழவேண்டும். அவ்வளவுதான்."

எனக்கு முதலில் அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய மரத்தைத் தூக்கிவிட்டு, தூரமாகவும் போகாமல், வெறுமனே நேராக விழுந்தால் போதும் என்பதில் என்ன வீரம் என்று நினைத்தேன். முதல் மாதம் முழுவதும் மரம் புரளவே இல்லை. ஒன்றில் பக்கவாட்டில் சரியும், அல்லது நேரே எழும்பி நின்று யோசித்துவிட்டு என் பக்கமே திரும்பி வரும். நான் ஓடுவேன். மாமாவோ மரத்தைத் தூக்கியபின் எறியவே மாட்டார். மரம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் அவரும் போவார். ஒரு தடவை உதைபந்தாட்டத் திடலின் கோல்கம்பம் வரை போனார்.

அந்த வசந்தம் முடிவதற்குள் நான் பெரியபிள்ளையானேன். அம்மா அழுதார், சிரித்தார், பிறகு பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அதற்குப் பிறகு விஷயம் எங்கள் கையில் இல்லை. வீட்டில் சின்னதாகத் தண்ணீர் வார்த்து முடிக்கலாம் என்று அப்பா நினைத்திருந்தார். பெரியம்மா மண்டபம், மணவறை, வீடியோக்காரர், லண்டனிலிருந்து வரும் மேக்கப்காரி எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டு, கோடையில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துச் சொன்னார். நான் ஊர்சுலாவின் நாட்காட்டியைப் பார்த்தேன். எங்கள் போட்டி அதற்குச் சரியாக ஏழு நாள், ஒரு கிழமை முன்னால் வந்தது. இரண்டும் மோதவில்லை என்று நிம்மதியடைந்தேன். அது எவ்வளவு சிறுபிள்ளைத்தனமான நிம்மதி என்பது ரவிக்கைக்கு அளவு பார்த்த நாளில் தெரிந்தது.

பெரியம்மா அதற்காகவே ஆராவுக்கு வந்திருந்தார். அம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு என் முதுகில் துணியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையின் கழுத்து விலகியதும் பெரியம்மா என் வலது தோளெலும்பைக் கண்டார். அங்கே மரம் உட்காரும் இடம் நீலமும் பச்சையுமாகக் கன்றிப்போயிருந்தது.

"என்னடி இது? ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. மரம்."

"மரமோ?"

"மரம் எறியிறனான். புதன்கிழமையில."

பெரியம்மாவுக்கு அதை விளக்க நேரம் எடுத்தது. மாமா உதவிக்கு வந்து, தானும் எறிவதாகச் சொல்லி, நிலைமையை மோசமாக்கினார். பெரியம்மா கதிரையில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"சடங்கு முடியுமட்டும் அந்தப் பக்கம் போகக்கூடாது. முடிஞ்ச பிறகும் என்னத்துக்கு? பொம்பிளைப் பிள்ளைக்கு உந்தத் தோள் இன்னும் பெருக்கவோ வேணும்?"

"நான் போவன்" என்றேன். "வாற மாதம் போட்டி இருக்கு."

நான் அதைக் கத்திச் சொல்லவில்லை. சும்மா, நேரம் சொல்வதுபோலச் சொன்னேன். பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"கேட்டியோ உன்ர மகள் கதைக்கிறதை?"

அம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினார். "ஓம் அக்கா. கேட்டனான்" என்றார்.

அடுத்த புதன்கிழமையும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியில் என்னைப் பற்றித்தான் கதை என்று அம்மாவின் முகத்திலிருந்து தெரியும். நான் வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் வந்து, அலுமாரியைத் திறந்து, பாணை எடுத்துத் தடிப்பாக வெண்ணெய் பூசிச் சாப்பிடுவேன். எதிர்ப்பு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். போட்டிக்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு நான் போறன்."

"நான் போகச் சொல்லேல்லை" என்றார் அம்மா. என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுவிட்டு, "போக வேண்டாமெண்டும் சொல்லேல்லை" என்றார். அப்பா தட்டைவிட்டுத் தலையை உயர்த்தவில்லை. ஆனால் அவர் வாய் கோணி ஒரு சிரிப்பை அடக்கியது.

போட்டி ஒரு கிராமத்துக்கு வெளியே, மலையடிவாரத்துப் புல்வெளியில் நடந்தது. செர்வலா என்ற தொத்திறைச்சி சுடும் புகை, பியர் மேசைகள், ஒரு ஓரத்தில் தோற்பையில் காற்றூதி வாசிக்கும் வாத்தியக்காரர். அவர்கள் ஸ்கொட்லாந்தை ஒருநாளும் பார்த்ததில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சிறுமிகள் பிரிவில் நாங்கள் நாலுபேர். மற்ற மூவரும் பொன்னிறத் தலை. கழகத்திடம் இரவல் வாங்கிய கில்ட் எனக்கு முழங்காலுக்கு மேலே நின்றது. என் முழங்கால்களை இவ்வளவு பேருக்கு நான் அதுவரை காட்டியதில்லை. முதலில் பாவாடையைக் கீழே இழுத்துக்கொண்டே நின்றேன். கல் எறியும்போது இழுக்கக் கை இருக்கவில்லை. அதற்குப் பிறகு மறந்துவிட்டேன்.

கல்லில் இரண்டாவதாக வந்தேன். சங்கிலிக் குண்டில் என் வாழ்நாளிலேயே மிகத் தூரமான எறிதலை எறிந்துவிட்டு, உற்சாகத்தில் மரச்சட்டத்தைத் தாண்டி ஓரடி வைத்துவிட்டேன். நடுவர் கையை ஆட்டி இல்லை என்றார். நான் வாதாடினேன். என்னுடைய கோபத்தை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, புல்லில் பதிந்திருந்த என் சப்பாத்து அடையாளத்தைக் காட்டினார். பெரிய அடையாளம்தான்.

பிறகு மரம் வந்தது. நாங்கள் பழகிய மரம் அல்ல. பட்டை சரியாக உரிக்காத, புது மரம். குந்தித் தூக்கினேன். அவசரப்பட்டேன். பாதி எழுந்தபோது அது வழுக்கி, தாடையிலிருந்து கழுத்து வழியாகத் தோளெலும்பு வரை உரசிக்கொண்டு போய் விழுந்தது. எரிந்தது. கையை வைத்துப் பார்த்தேன். இரத்தம்.

முதலுதவிக்காரப் பெண் ஓடி வந்தார். மாமா அவருக்கு முன்னால் ஓடி வந்தார்.

"பிள்ளை, காணும். வா போவம். அடுத்த கிழமை சடங்கு. உன்ர கொம்மா விட்டாலும் பெரியக்கா என்னைக் கொண்டுபோடுவா."

"இன்னும் ரெண்டு தரம் இருக்கு மாமா."

"முகமெல்லாம் ரத்தமடி!"

"பின்னாலை நிக்காதேங்கோ. எறியிற ஆளுக்குப் பின்னாலை நடுவர் மட்டும்தான் நிக்கலாம். விதி."

முதலுதவிக்காரப் பெண் துடைத்து மருந்து போட்டார். நடுவர் குனிந்து, நிறுத்திக்கொள்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். வேலிக்கு அப்பால் ஊர்சுலா நின்றார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவரும் அதைத்தான் சொன்னார்.

இரண்டாவது தடவை மரம் நேரே எழுந்து நின்றது, யோசித்தது, பக்கத்தில் சாய்ந்தது. மூன்றாவது தடவை குந்தியபோது ஒன்றை உணர்ந்தேன். மரத்தைத் தூக்குவது நான்தான், ஆனால் அது நிலைக்கும்வரை அசையாமல் நிற்க வேண்டியதும் நான்தான். காத்திருந்தேன். கன்னம் மரத்தில் ஒட்டியிருந்தது. பட்டையின் மணம். ஆட்டம் நின்றது. ஓடினேன், நின்றேன், இழுத்தேன், வாயைத் திறந்து கத்தினேன். நுனி நிலத்தில் குத்திய அதிர்ச்சி பாதங்களில் ஏறியது. அடிப்பகுதி எழுந்து, வானத்தில் ஒரு கணம் நின்று, மறுபக்கம் புரண்டு விழுந்தது.

நடுவர் என் பின்னாலிருந்து ஓடி வந்து, மரத்தைப் பார்த்து, கையைச் சாய்த்துக் காட்டினார். "பதினொரு மணி!"

பன்னிரண்டு இல்லை. ஆனாலும் புரண்டது. மற்றச் சிறுமிகளில் ஒருத்தி மட்டும்தான் என்னைவிட நேராக எறிந்தாள். மாமா அழுதுகொண்டிருந்தார். அதன்பிறகு ஆண்களில் புதியவர்களுக்கான மரத்தைத் தானும் தூக்கி, அதோடு பார்வையாளர் பக்கம் ஓடி, கட்டைவிரலைச் சுளுக்கிக்கொண்டார்.

வீட்டுக் கதவை அம்மா திறந்தார். என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். திட்டு வரும் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"நோகுதோ?"

"இல்லை."

"பொய்." பிறகு, "விழுந்திச்சோ?" என்றார்.

"என்ன?"

"உந்த மரம்."

"ஓம். பதினொரு மணிக்கு."

"அதென்ன கணக்கு?"

மேசையில் ஒரு கரண்டியை வைத்துக் காட்டினேன். இது நான், இது ஆறு மணி, மரம் இப்படி விழ வேண்டும், இப்படி விழுந்தது. அம்மா கரண்டியைத் தன் விரலால் கொஞ்சம் நகர்த்தி நேராக்கினார். "இவ்வளவுதானே மிச்சம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காயம் காய்ந்து, தாடையிலிருந்து கழுத்துவரை ஒரு பழுப்புக் கோடாக நின்றது. மண்டபத்தின் பின்னறையில் எனக்குச் சேலை உடுத்தி, நகை பூட்டி, கதிரையில் இருத்தியிருந்தார்கள். மேக்கப்காரி பெட்டியைத் திறந்து, பூச்சுகளில் தடிப்பானதைத் தேடினார். பெரியம்மா பக்கத்தில் நின்று ஆலோசனை சொன்னார்.

"நல்லாத் தடிப்பாப் பூசுங்கோ. கழுத்தில பூமாலையை ஏத்திப் போடுங்கோ. வீடியோக்காரருக்குச் சொல்லுங்கோ, மற்றப் பக்கத்தால எடுக்கச் சொல்லி."

"பூசமாட்டன்" என்றேன்.

"என்ன?"

"மற்ற இடமெல்லாம் பூசுங்கோ. இதிலை பூச வேண்டாம்."

மேக்கப்காரி சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவர் தூரிகையைக் கொண்டுவந்தபோது கையால் தட்டிவிட்டேன். பூச்சு பெரியம்மாவின் சேலையில் பட்டது. பெரியம்மா அம்மாவைக் கூப்பிட்டார். மண்டபம் முழுக்கக் கேட்கும் குரல் அது. அம்மா ஆலாத்தித் தட்டு ஒன்றைக் கையில் ஏந்தியபடியே உள்ளே வந்தார்.

"உன்ர மகளுக்குச் சொல்லு. இந்தக் கோலத்தோட சனத்துக்கு முன்னால கொண்டுபோய் இருத்தேலுமோ? அடிச்சுப்போட்டுச் சடங்கு செய்யினம் எண்டெல்லோ கதைப்பினம்?"

அம்மா தட்டை மேசையில் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"விடுங்கோ அக்கா" என்றார் அம்மா.

"என்னத்தை விடுறது?"

"அப்படியே இருக்கட்டும். ஆரும் கேட்டா நான் சொல்லுறன்."

"என்னெண்டு சொல்லுவாய்?"

"மரம் எறிஞ்சவள் எண்டு."

பெரியம்மாவின் முகம் சிவந்தது. "நான் இல்லாட்டி நீ இந்த நாட்டில..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார்.

"தெரியும் அக்கா. ஒண்டும் மறக்கேல்லை" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. "ஆனா அதுக்கு இவளின்ர முகத்தைக் கேக்காதேங்கோ."

நான் மணவறைக்குப் போனேன். கட்டைவிரலில் துணி சுற்றிய மாமா தாய்மாமனாக என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனார். படம் எடுக்கும் நேரம் வந்தபோது அம்மா மேடைக்கு ஏறி, என் தலையைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பி, காயம் இருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வரும்படி வைத்துவிட்டு இறங்கினார். இன்றும் எங்கள் வீட்டு அல்பத்தில் அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் அது தெரிகிறது. அதற்காக நான் இதுவரை ஒருவரிடமும் வருத்தம் தெரிவித்ததில்லை. பெரியம்மா ஆலாத்தி எடுத்தார். எடுத்த கையோடு, சாப்பிடாமல், காரில் ஏறிப் போய்விட்டார். அம்மா வாசல்வரை பின்னால் போனதை மேடையிலிருந்து பார்த்தேன். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு வந்து விருந்தினருக்குப் பாயசம் பரிமாறினார்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் தொலைபேசி ஒலிக்கவில்லை. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. அப்பிளைப் பற்றியும் தோளைப் பற்றியும் உத்தரவு கொடுக்க ஆளில்லை. நான் வென்றுவிட்டேன் என்று முடிவு கட்டினேன். அந்த வீட்டில் எதிர்த்து நின்றது ஒரே ஒரு ஆள், அது நான் என்று நம்பினேன். அம்மாவோ அன்று மண்டபத்தில் களைத்துப்போய் எனக்கு விட்டுக்கொடுத்தவர், அவ்வளவுதான். பெரியம்மா மறுபடி கதைக்கத் தொடங்க அடுத்த வருடக் கோயில் தேர் வரை ஆனது. அதற்கிடையில் அம்மாவுக்கு இந்த நாட்டில் தினமும் கூப்பிட்டுக் கதைக்க வேறு ஒருவரும் இருக்கவில்லை என்பது என் புத்தியில் ஒருநாளும் ஏறவில்லை.

சடங்கு முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு புதன்கிழமை, நான் பயிற்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வேலையால் வந்து குசினி மேசையில் இருந்தார். தொலைபேசி பக்கத்தில் கிடந்தது. வெங்காயம் வெட்டி முடிந்திருந்தது.

"ஏனம்மா பெரியம்மா இப்ப எடுக்கிறேல்லை?" என்று, சப்பாத்துக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"அவவுக்கு வேலையாக்கும்."

நான் அதை நம்பினேன். பையைத் தோளில் போட்டேன். கதவைத் திறந்தபோது அம்மா, "எத்தனை மணிக்கு வருவாய்?" என்று கேட்டார். என்றைக்கும் கேட்காதவர் அன்று ஏன் கேட்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. நேரத்துக்கு வீடு திரும்பச் சொல்லும் புது விதி ஒன்று போடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "தெரியாது" என்று கத்திவிட்டுப் படிகளில் இரண்டிரண்டாகப் பாய்ந்து இறங்கினேன்.